திரும்பி வந்த உபயங்கள்

வெள்ளூத்துப்பட்டியில் ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு பருப்பு மில்லுக்குக் கிளம்பிய தவசிலிங்கம் அண்ணாச்சியின் வீட்டு வாசலுக்கு, பஸ் ஸ்டாண்டில் யாரும் உட்காராத வெயில் மூலையில் அவர் பேரைச் சுமந்துகொண்டு கிடந்த சிமெண்ட் பெஞ்சு, தன் கட்டைக் கால்களை எடுத்து எடுத்து வைத்து, மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து, பக்கத்து வீட்டு மாக்கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிச் சுற்றி, நடந்தே வந்து நின்றது. சிமெண்ட் பெஞ்சு நடக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அது நடந்தது, வந்தது, கொஞ்சம் மூச்சும் வாங்கியது. டவுன் பஸ் என்று நினைத்து வழியில் அதில் ஏறிக்கொண்ட ஒரு பெரியவர் இறங்கி, அண்ணாச்சியின் கையில் டிக்கெட் காசை வைத்து, "சரியான சில்லறையாத்தான் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சியின் வீட்டம்மா அன்னபுஷ்பம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதை நீங்க வரச் சொன்னீங்களா?"

"நான் எதுக்கு வரச் சொல்றேன்?"

"வந்தது வந்துருச்சு. வாசலை மறிச்சுக்கிட்டு நிக்காம அந்த ஓரமா ஒதுங்கச் சொல்லுங்க, பால்காரர் வர்ற நேரம்."

பெஞ்சு தானாகவே ஒதுங்கிக்கொண்டது.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கஞ்சர் இல்லை, கெட்டவரும் இல்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத கை அவர் கை. என்ன, கேட்டதைக் கொடுத்த கை மட்டும் இல்லை. மகளிர் இல்லத்தில் நூல் வேண்டும் என்று கேட்டால் தையல் மெஷின் கொடுப்பார், நூலில் பேர் எழுத முடியாது பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேண்டும் என்றால் சுவர்க்கடிகாரம் கொடுப்பார். இப்படியே ஊரில் தடுக்கி விழுகிறவன் அவர் பேரின் மேல்தான் விழ வேண்டும் என்கிற அளவுக்கு, பெஞ்சு, பீரோ, மின்விசிறி, கோவில் ட்யூப்லைட் என்று எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: தவசிலிங்கம், பருப்பு மில்' என்று எழுதிக் கிடந்தது. ட்யூப்லைட்டில் பேர் போக மிச்ச இடத்தில் வெளிச்சமும் கொஞ்சம் வந்தது. வருகிற மாசி மாசம் அவருடைய மணிவிழாவுக்குக் கொடைவள்ளல் பட்டம் கொடுப்பதாக ஊர்ப்பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள்.

பெஞ்சுக்குப் பின்னால் கடிகாரங்கள் வந்தன. ஒரே வகுப்பில் நாலு மாட்டி, நாலும் நாலு விதமாக மணி காட்டிக்கொண்டிருந்தவை, சுவரோரமாக நண்டு மாதிரி ஊர்ந்து வந்து வரவேற்பறையில் தங்களுக்குப் பிடித்த இடத்தில் தொங்கிக்கொண்டன. தையல் மெஷின்கள் மிதிகட்டையை ஆட்டிக்கொண்டு வரிசையாக வந்தன. திறப்புவிழா அன்றே சாவி தொலைந்து அதற்குப் பிறகு யாரும் திறக்காத லைப்ரரி பீரோ, மேட்டில் மூச்சிரைக்க ஏறி, தெருக்காரர்கள் நாலு பேர் பின்னால் நின்று தள்ளிவிட, வந்து கூடத்தின் நடுவே நின்றது. கடைசியில் ஊர் எல்லையில் நின்ற அலங்கார வளைவே, இரண்டு தூணையும் அகட்டி வைத்து, கரண்ட் கம்பிக்குக் குனிந்து, லாரிகள் ஓரங்கட்டி வழிவிட, வந்து அண்ணாச்சி வீட்டின் மேல் கால் பரப்பி நின்றுகொண்டது. அதன் உள்பக்கம் 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதியிருந்தது.

"அதை முதல்ல அழிக்கச் சொல்லுங்க" என்றார் அன்னபுஷ்பம். "வர்றதெல்லாம் அதைப் படிச்சுட்டுத்தான் வருது."

ஊர் இதற்கெல்லாம் பழகிக்கொள்ள ரொம்ப நாள் பிடிக்கவில்லை. வெள்ளூத்துப்பட்டிக்காரர்கள் தண்ணி வராத குழாய்க்கும் வரி கட்டிப் பழகியவர்கள், நடக்கிற பெஞ்சா அவர்களுக்குப் பெரிய விஷயம்? போக்குவரத்துக் காவலர், வாசல் தேடிப் போகிற பொருள்களுக்கு இடது ஓரம் என்று கயிறு கட்டிவிட்டார். சந்தைக்குப் போகிற பெண்கள், ரைஸ் மில் முதலாளி பெஞ்சு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு அதில் கூடையை வைத்து அனுப்பினார்கள். டீக்கடையில் பொழுது விடிந்ததும், "இன்னைக்கு யார் வீட்டுக்கு என்ன போச்சு?" என்பதுதான் முதல் பேச்சு. ஏனென்றால் இது அண்ணாச்சிக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அவருக்குப் போட்டியாகக் கொடுத்து வந்த ஜவுளிக்கடை கோமதிநாயகம் வீட்டுக்கு, எந்தப் பிள்ளையின் தோளுக்கும் பொருந்தாத ஸ்கூல் பைகள் வாத்துக்கூட்டம் போல் வரிசை பிடித்துப் போயின, அதைப் பார்த்த அன்றைக்கு மட்டும் அண்ணாச்சி ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

உபயோகப்படாதது திரும்பும், உபயோகப்பட்டது நிற்கும் என்பதை ஊர் தானாகவே கண்டுகொண்டது. ஏன், எப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், சொத்து பத்து விசாரிப்பதை விட்டுவிட்டு, "உங்க வீட்டுக்கு எதுவும் திரும்பி வரலியே?" என்று பதமாகக் கேட்டார்கள். கொடையாளிகளும் சும்மா இருக்கவில்லை. பேரை அழித்துப் பார்த்தார்கள், வந்தது. சங்கிலி போட்டுக் கட்டிப் பார்த்தார்கள், தூணையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் புத்திசாலித்தனமாக மச்சினன் பேரில் ஒரு தண்ணீர்த் தொட்டி கொடுத்தார், அது மச்சினன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே இவர் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று தளும்பியது.

அண்ணாச்சி வீட்டில் நடக்க இடமில்லை. பூஜை அறையில் மின்விசிறி, குளியலறையில் தையல் மெஷின். கடிகாரங்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டே இருந்ததில், அன்னபுஷ்பத்துக்கு உலையில் எப்போது அரிசி போட்டோம் என்று தெரியாமல் மூன்று நாள் சாதம் குழைந்துபோனது.

"இன்னொரு சாமான் இந்தப் படியேறி வந்தா, நான் மதுரைக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். நீங்களும் உங்க பீரோவும் குடித்தனம் பண்ணுங்க."

அண்ணாச்சியை அரித்தது இட நெருக்கடி இல்லை. கையைத் திறந்து வாழ்ந்தோம் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தவருக்கு, கொடுத்ததில் ஒன்றுகூட ஒரு மனுசனிடமும் ஒட்டவில்லையா என்கிற கேள்வி வந்துவிட்டது. நம்மால் ஒரு உசிருக்காவது பிரயோஜனம் இருந்ததா? ஒன்று நிற்கட்டும், ஒரே ஒன்று, பட்டமும் வேண்டாம் பாராட்டும் வேண்டாம் என்று, கூடத்து பீரோவில் சாய்ந்து நின்று கண் கலங்கினார். பீரோ அவர் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்ததாகச் சிலர் சொல்கிறார்கள், அது கட்டிவிட்ட கதை.

இந்த ஊரில் எதுவுமே வெளியேறி நடக்காத வாசல் ஒன்று இருந்தது. தாலுகா ஆபீசுக்குப் பின்னால், ஜெபராணி என்கிற அம்மாள் நடத்துகிற சின்ன இடம், ஜனங்கள் அதை மாத்திரை ஆபீஸ் என்பார்கள். காசநோய்க்காரர்களுக்கு அரசாங்கம் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் அதை மாசக்கணக்கில் விடாமல் விழுங்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்து எந்த மாத்திரைக்கும் அடங்காது. அதனால் ஜெபராணியும் அவரிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், எதிரில் நின்று மாத்திரையை விழுங்கவைத்து, ஒரு அவித்த முட்டையும் தின்னவைத்து, முரண்டு பிடிக்கிறவர்களைத் திட்டி, அழுகிறவர்களோடு கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். "அங்கேயிருந்து எதுவும் திரும்பலையே" என்று டீக்கடையில் யாரோ சொன்னபோது, "எவன் என்ன குடுத்தான், திரும்புறதுக்கு?" என்று எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஜெபராணி ஒருதரம் மில்லுக்கு வந்து பெட்ரோலுக்கும் முட்டைக்கும் உதவி கேட்டதும், "பெட்ரோல்ல எங்கம்மா பேர் எழுதுறது? முட்டையில எழுதினா அவிக்கும்போது போயிருமே" என்று தான் கேட்டதும், ஒரு கடிகாரம் தருகிறேன் என்றதும், "மணி பாக்க எங்களுக்கு நேரமில்லை அண்ணாச்சி" என்று அந்தம்மா எழுந்து போனதும் அவருக்கு நினைவுக்கு வந்தன. எழுந்து நேரே அங்கே போனார்.

ஜெபராணி போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "வாந்தி வருதுன்னா டாக்டர்ட்ட கேப்போம், மாத்திரையைக் குப்பையில போடுறதுக்கு நீயா டாக்டரு?" போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வாங்க அண்ணாச்சி. கடிகாரமா?"

"இல்லம்மா. என்ன வேணும்னு கேக்க வந்தேன்."

ஜெபராணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்தக் கேள்வியை ஒருத்தர் வாயால கேக்கணும்னு எத்தனை வருஷமா உக்காந்திருக்கேன் தெரியுமா? பெட்ரோல் வேணும். முட்டை வேணும். ரெண்டு பிள்ளைகளுக்கும் சம்பளம் வேணும், இல்லாட்டி இந்த மாசத்தோட அவங்களை நிறுத்தணும். அதுவும் விசேஷத்துக்கு ஒருதரம் குடுத்துட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போறது இல்ல, மாசாமாசம் வேணும்."

"பேரு...?"

"பேர் கிடையாது, போட்டோ கிடையாது. யாருக்குப் போகுதுன்னு கேக்கவும் கூடாது. வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு வேலை போயிரும், கல்யாணம் நின்னுரும். முடியுமா உங்களால?"

முடியுமா என்று அண்ணாச்சிக்கே தெரியவில்லை. ஆனாலும் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வாசல் கதவைத் திறந்து வைத்து, பெட்ரோல் திரும்பி வந்தால் பிடிக்க ஒரு வாளியும், முட்டை வந்தால் உடையாமல் இருக்க வைக்கோல் போட்ட கூடையும் எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார். சம்பளம் எப்படித் திரும்பும் என்று தெரியாததால் சட்டைப் பையையும் கொஞ்சம் விரித்து வைத்திருந்தார்.

"பெட்ரோல் வந்தா அடுப்புப் பக்கம் விட்றாதீங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்தடுத்த நாளும் வரவில்லை. அண்ணாச்சி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஆட வேண்டும்போல் இருந்தது, ஆனால் எதற்கு என்று கேட்டால் சொல்லக்கூடாதே, அந்தச் சந்தோஷத்தை வெளியே விட வழியில்லாமல் அவருக்கு வயிறு உப்பிவிட்டது. அன்னபுஷ்பம் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.

ஆனாலும் ஒன்றும் வராத வாசலை ஊர் பார்க்காமல் இருக்குமா? அண்ணாச்சி எங்கே போகிறார் என்று மோப்பம் பிடித்து, மாத்திரை ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. கோமதிநாயகம் லாரி நிறைய முட்டையோடு வந்தார். ஜெபராணி அவரை, "எனக்கு இவ்வளவு எதுக்கு? மிச்சம் பூராவும் உங்க வீட்டுக்கு உருண்டு வரும், வேணுமா?" என்று அதட்டி, "ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிழடுகட்டைகளுக்குக் கண் பாக்க ஒருத்தர் வேன் ஓட்டுறாரே, அவருக்கு டயர் தேய்ஞ்சிருக்கு. போய் என்ன வேணும்னு கேளுங்க. கேட்டுட்டுக் குடுங்க" என்று விரட்டிவிட்டார். அப்படித்தான் வெள்ளூத்துப்பட்டியில் கேட்டுவிட்டுக் கொடுப்பது என்கிற புதுப் பழக்கம் வந்தது. அண்ணாச்சியும் பெரியாஸ்பத்திரியில் போய்க் கேட்டார். வேப்பமரத்தடியில் கால் கடுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இடமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த பெஞ்சுகளில் ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மற்ற பெஞ்சுகளைப் போகச் சொன்னார், அவை வால் முளைத்த மாதிரி துள்ளிக்கொண்டு போயின. வளைவையும் கடிகாரங்களையும் மட்டும் யாரும் கேட்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் ஒரு முட்டை திரும்பி வந்தது. தெருக்கோடியிலிருந்து தனியாக உருண்டு, வேகத்தடையில் நிதானித்து ஏறி இறங்கி, படிக்கட்டில் முட்டி நின்றது. இதுவும் போச்சா, இதுவும் பொய்யா என்று அண்ணாச்சி அதைக் கையில் ஏந்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் மாத்திரை ஆபீசுக்கு ஓடினார்.

"பாரும்மா, திரும்பி வந்துருச்சு. என் கை ராசியே இல்லாத கை."

முட்டையை வாங்கிப் பார்த்த ஜெபராணியின் முகம் மாறியது. "உங்க ராசியைத் தூக்கி உடைப்புல போடுங்க. யாரோ ஒருத்தர் சாப்பிடல. முட்டையே சாப்பிடலன்னா மாத்திரை?" உள்ளே திரும்பினார். "கலா! நேத்து யார் வாயைப் பாக்காம வந்தே?"

கலா கையைப் பிசைந்தாள். "செண்பகராஜ் அண்ணன்தாங்க்கா. வீட்டு வாசல்ல ஸ்கூட்டர் வரவேண்டாம், தெருமுக்குல வச்சே குடுத்துருங்கன்னு கெஞ்சினாரு. கொஞ்ச நாளா அப்படித்தான்..."

"பேரு காதுல விழுந்துருச்சு, இனி வெளிய விடக்கூடாது" என்று ஜெபராணி எச்சரிக்க, அண்ணாச்சி போன் போட்டு வரவழைத்த காரில் போனார்கள். செண்பகராஜ் யார் என்றால், ஊரில் எந்த விழாவானாலும் ரேடியோ செட் கட்டுகிறவன், அண்ணாச்சியின் பேரை 'கொடைவள்ளல்' என்று மைக்கில் இழுத்து இழுத்துச் சொன்னவன். இவர்களைப் பார்த்ததும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பெட்டிக்கு இருபக்கமும் முழங்கை தெரிந்தது.

"இருமல் நின்னு போச்சு அண்ணாச்சி, அப்புறம் எதுக்கு?" என்றான் வெளியே வராமலே. "ஸ்கூட்டர் வந்து நின்னா தெருவே எட்டிப் பாக்குது. கல்யாணம் பேசி முடிச்சாச்சு. என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருங்க."

ஜெபராணி வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். "டேய், என் பேரை ஊர் பூராவும் கேக்கிற மாதிரி நீ கத்துவியே, அந்த மாதிரி உன் பேரை எவனும் கத்திரக்கூடாது. அதானே?"

"ஆமா அண்ணாச்சி" என்று பெட்டிக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது.

"கத்த விடமாட்டேன். நாளையிலேருந்து காலையில என் வீட்டுக்கு வா. கடிகாரத்துக்கெல்லாம் பேட்டரி மாத்த ஆள் வச்சிருக்கேன்னு சொல்லிக்கிறேன். மாத்திரையை அங்க போடு, முட்டையை அங்க தின்னு. எவன் வந்து கேக்கிறான்னு பாத்துருவோம்."

"ஆனா ஒண்ணு," என்றார் ஜெபராணி, "கட்டிக்கப்போற பிள்ளைகிட்ட நீ உன் வாயாலயே சொல்லணும்."

அங்கேயே போன் போட்டுச் சொன்னான். மறுமுனையில் சீதாலட்சுமி என்கிற அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "முழுசா முடிச்சுட்டு வாங்க, முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கிறதுக்கு நான் வீட்ல ஏதாவது சொல்லிக்கிறேன். ஒருநாள் விட்டீங்கன்னு தெரிஞ்சா நானே வந்து வாயில திணிப்பேன்" என்றாள். ஜெபராணிக்கு அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து செண்பகராஜ் காலையில் வந்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பக்கம் அண்ணாச்சியும் ஒரு பக்கம் அன்னபுஷ்பமும் அவன் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருக்க, மாத்திரையை விழுங்கினான். அன்னபுஷ்பம் முட்டைக்கு மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தார், மதுரைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஒழுங்காக மணி காட்டாத கடிகாரத்துக்குச் சம்பளம் போட்டு ஆள் வைத்திருக்கிறார், அண்ணாச்சிக்கு மரை கழன்றுவிட்டது என்று ஊர் பேசியது. பட்டம் கொடுப்பதாகச் சொன்னவர்கள் அந்தப் பேச்சை மெல்ல விட்டுவிட்டார்கள், மணிவிழா வீட்டோடு முடிந்தது. நாலு பேரிடம் உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டார். முட்டை எதுவும் திரும்பி வரவில்லை.

டாக்டர் முழுக்கக் குணம் என்று சொன்ன பிறகு, கல்யாணம் பெண்ணின் ஊரில் நடந்தது. அங்கே அண்ணாச்சியை யாருக்கும் தெரியாது. அண்ணாச்சியும் அன்னபுஷ்பமும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டும்போது செண்பகராஜ் கூட்டத்தில் இவர்களைத் தேடிப் பார்த்தான், அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெண்ணின் அப்பா வந்து கும்பிட்டு, "மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மாத்திரை, முட்டை, ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அன்னபுஷ்பம் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"தெரிஞ்ச பையன்" என்றார் அண்ணாச்சி.

சாப்பிடப் போகுமுன் மொய் எழுதும் மேசைக்குப் போய்க் கவரை வைத்தார். எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல், "பேரு?" என்றார்.

"பேர் வேண்டாம்."

"ஊரு?"

"ஊரும் வேண்டாம்."

எழுதுகிறவர் இப்போது நிமிர்ந்தார். "பெரியவரே, விளையாடாதீங்க. பேர் போடாட்டா நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு இவங்க யாருக்குத் திருப்பிச் செய்வாங்க? மொய்னா திரும்பி வரணும்ல?"

"திரும்பி வரக்கூடாதுன்னுதான்யா இம்புட்டுப் பாடு" என்றார் அண்ணாச்சி.

எழுதுகிறவர் பக்கத்து ஆளிடம், "வெயில் ஜாஸ்தி" என்று முணுமுணுத்தார். அன்னபுஷ்பம் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "வாங்க, ரெண்டாம் பந்தி போட்டுட்டாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.